24 குரல்கள், மூன்று கச்சேரிகள்: பரோக் இசையோடு இன்றைய இசையை எப்படி ஜோடி சேர்ப்பது?

சேம்பர் கொயர் (சிறு பாடகர் குழு) என்று இங்கே சொல்வது 24 பேர் கொண்ட ஒரு குழுவை. சம்பளம் வாங்காதவர்கள், ஆனால் இசைத்தாளைப் பார்த்ததும் பாடத் தெரிந்தவர்கள். வாரத்தில் ஒரு மாலை இரண்டரை மணிநேரம் ஒத்திகை. செப்டம்பரில் தொடங்கி ஏப்ரலுக்குள் மூன்று கச்சேரிகள்: நவம்பரில் ஒன்று, டிசம்பரில் ஒன்று, தவக்காலத்தில் ஒன்று. மூன்றில் ஒன்றுக்கு மட்டும்தான் நிறைய வாத்தியக்காரர்களை அமர்த்தப் பணம் இருக்கிறது. பரோக் காலத்து (ஏறத்தாழ 1600 முதல் 1750 வரை) திருச்சபை இசையையும் நம் காலத்து இசையையும் ஒரே மேடையில் வைக்க ஆசைப்படும் ஐரோப்பியக் குழுக்கள் பலவற்றின் நிலைமை ஏறக்குறைய இதுதான்.

ஜோடி சேர்க்கும்போது வழக்கமாக நடக்கும் தவறு, தலைப்பை மட்டும் பார்த்துச் சேர்ப்பது. பழையதும் துக்கப்பாட்டு, புதியதும் துக்கப்பாட்டு, பொருத்தம் சரி என்று முடித்துவிடுகிறார்கள். பிறகு பார்த்தால் ஒன்றுக்கு ஐந்து குரல் பிரிவு, மற்றதற்கு எட்டு. ஒன்றுக்குப் பழைய சுருதி, மற்றதற்கு இன்றைய சுருதி. ஒன்றுக்கு மூன்று வாத்தியம், மற்றதற்குப் பதினைந்து. இரண்டு கச்சேரிக்கான உழைப்பை ஒரு கச்சேரியில் கொட்டவேண்டி வருகிறது. பழையதும் புதியதும் ஒரே ஆள்பலத்தை, ஒரே சுருதியை, முடிந்தால் ஒரே வசனத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். அப்போதுதான் ஒன்றுக்குச் செய்த ஒத்திகை மற்றதற்கும் உதவும். கீழே உள்ள மூன்று வழிகளையும் இந்த அளவுகோலால்தான் பார்க்கிறோம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பத்து ஒத்திகை என்றால் 25 மணிநேரம். குரல் பயிற்சி, இடைவேளை, அறிவிப்புகள் போக உண்மையில் கையில் இருப்பது 20 மணிநேரம், அதாவது 1,200 நிமிடம். கச்சேரி 70 நிமிடம் என்றால் ஒவ்வொரு நிமிட இசைக்கும் 17 நிமிட ஒத்திகை கிடைக்கிறது. நான்கு குரல் ஞானப்பாட்டுக்கு ஐந்து நிமிடமே போதும். எட்டுக் குரல் ஃபியூகுக்கு (ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் வகை) ஐம்பது கூடப் போதாது. படைப்பைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

முதல் வழி: பாக்கின் மொட்டெட்டுகள்

மொட்டெட் என்பது பல குரல்கள் சேர்ந்து பாடும் திருச்சபைப் பாடல். செலவு மிகக் குறைந்த வழி இதுதான். சிறிய ஆர்கன், செல்லோ, அதற்குக் கீழே ஒரு வயலோனே அல்லது டபுள் பேஸ்: மூன்றே பேர். இந்த மொட்டெட்டுகளை வாத்தியமே இல்லாமல் பாடுவதுதான் தூய முறை என்ற எண்ணம் 19ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. 1729இல் லைப்சிக் நகரின் தோமாஸ் பள்ளித் தலைமையாசிரியர் எர்னெஸ்டியின் இறுதிச் சடங்குக்காக யோஹான் செபாஸ்டியன் பாக் எழுதிய ‘டெர் கைஸ்ட் ஹில்ஃப்ட்’ மொட்டெட்டுக்கு (பாக் படைப்புகளின் பட்டியலில், அதாவது பிடபிள்யூவியில், எண் 226) வாத்தியத் தாள்களே கிடைத்திருக்கின்றன. முதல் குழுவோடு நரம்புக்கருவிகளும், இரண்டாம் குழுவோடு ஓபோ வகைக் கருவிகளும் சேர்ந்து ஒலித்திருக்கின்றன. ஆகவே ஆர்கன் வைத்துக்கொள்வதற்குத் தயங்கவே வேண்டாம்.

நடத்துநர்கள் முதலில் கைவைப்பது ‘சிங்கெட் டெம் ஹெர்ன்’ மேல்தான் (பிடபிள்யூவி 225). அதன் துள்ளலைக் கேட்டவர் யாரும் அதை விட மனம் வராது. 1789இல் லைப்சிக் வந்த மோட்சார்ட் இதைக் கேட்டு வியந்தார் என்று சொல்வார்கள். ஆனால் இது இரட்டைக் குழு, எட்டுக் குரல். 24ஐ எட்டால் வகுத்தால் பிரிவுக்கு மூன்று பேர். நவம்பர் மாதம், ஒருவருக்குச் சளி. அந்தப் பிரிவில் இருவர் மிச்சம். இருவர் சேர்ந்து பாடினால் குரல்கள் கலப்பதில்லை, ஒருவரோடொருவர் மோதுகின்றன. மூவரும் மிக வேகமான சுர ஓட்டங்களைத் தனித்து நின்று தாங்கக்கூடியவர்களாக இருந்தால் மட்டுமே இது சரிவரும். இல்லையென்றால் அகலக்கால் வைப்பதுதான்.

எங்கள் தேர்வு ‘யேசு, மைனெ ஃபிராய்டெ’ (பிடபிள்யூவி 227). ஐந்து குரல், பதினொரு பகுதிகள், ஏறத்தாழ 20 நிமிடம். சொப்ரானோ (பெண்களின் மேல்குரல்) பிரிவுகள் இரண்டுக்கும் ஐந்தைந்து பேர், ஆல்டோ (பெண்களின் கீழ்க்குரல்) ஐந்து, டெனர் (ஆண்களின் மேல்குரல்) நான்கு, பாஸ் (ஆண்களின் கீழ்க்குரல்) ஐந்து என்று 24 பேரும் அழகாக அடங்கிவிடுவார்கள். யோஹான் ஃபிராங்கின் ஞானப்பாட்டுச் சரணங்களும் ரோமர் 8ஆம் அதிகார வசனங்களும் மாறிமாறி வருகின்றன. முதலும் கடைசியும் ஒரே இசை. இரண்டாம் பகுதியும் பத்தாம் பகுதியும் பெரும்பாலும் ஒரே இசை. ஒருமுறை கற்றால் இரண்டு இடத்துக்கு ஆயிற்று. ஒத்திகைக் கணக்கில் இது பெரிய வரவு. (தரங்கம்பாடி வழி வந்த லுத்தரன் சபைகளில் ஜெர்மன் ஞானப்பாட்டு மெட்டுகளைத் தமிழில் பாடி வளர்ந்தவர்களுக்கு இந்த வகை மெட்டு அந்நியமாகவே இராது.)

சிக்கல் எங்கே வரும் என்பதை இரண்டு இடங்களில் கிட்டப் போய்ப் பார்க்கலாம். இரண்டாம் பகுதியின் வசனம், தமிழ் வேதாகமத்தில் ‘ஆக்கினைத்தீர்ப்பில்லை’ என்று முடியும் அந்த வசனம். பாக் அதில் ‘நிஃட்ஸ்’, அதாவது ‘இல்லை’, என்ற சொல்லை மட்டும் பிய்த்தெடுத்து, நடுநடுவே மௌனம் வைத்து, உரக்கவும் மெல்லவும் திரும்பச் சொல்ல வைக்கிறார். அந்த மௌனம்தான் இசை. அந்தச் சொல்லின் கடைசியில் வரும் ‘ட்ஸ்’ ஒலியை 24 பேரும் 24 நேரத்தில் விட்டால் மௌனத்துக்குள் பட்டாணி கொட்டியது போல் இருக்கும். அந்த ‘ட்ஸ்’ எந்த அடியில் விழவேண்டும் என்று முதல் ஒத்திகையிலேயே பென்சிலால் எல்லோர் தாளிலும் குறித்துவிட வேண்டும். மௌன அடியின் தொடக்கத்திலேயே விழட்டும் என்பது எங்கள் பரிந்துரை. ஆல்டோக்கள் ஒரு மாதிரி, டெனர்கள் ஒரு மாதிரி பழகிவிட்டால் பிறகு திருத்துவது பெரும்பாடு.

இரண்டாவது இடம் ஒன்பதாம் பகுதி, ‘கூட்டெ நாஃட்’. பாஸ் குரலே கிடையாது. ஆல்டோ ஞானப்பாட்டு மெட்டை நீட்டிப் பாட, மேலே இரண்டு சொப்ரானோக்கள் பின்னிப் போக, கீழே டெனர்தான் அஸ்திவாரம். நான்கு டெனர்களும் தாங்கள்தான் அடித்தளம் என்று உணராமல் வழக்கமான நடுக்குரல் மாதிரி சன்னமாகப் பாடினால் சுருதி மெல்ல இறங்கும். பத்தாம் பகுதி தொடங்கும்போது ஆர்கன் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். செல்லோவை டெனரோடு சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். வயலோனே அந்தப் பகுதியில் ஓய்வெடுக்கட்டும். எட்டு சுரம் கீழே ஒலிக்கும் கருவி அங்கே இருந்தால் பாக் வேண்டுமென்றே எடுத்துவிட்ட அடித்தளத்தை நாம் திரும்பப் போட்டதாகிவிடும்.

இதற்கு ஜோடியாகப் புதியது எது? இந்த வழியின் அருமையே இங்கேதான் இருக்கிறது. நார்வேயின் க்னூட் நீஸ்டெட் 1988இல் எழுதிய ‘இம்மார்ட்டல் பாக்’, பாக்கின் ‘கோம், சூசெர் டோட்’ பாட்டின் தொடக்க வரிகளை எடுத்து, முதலில் அப்படியே பாடவைத்து, பிறகு குழுவைப் பல சிறு குழுக்களாக்கி ஒவ்வொரு குழுவும் அதே சுரங்களை வெவ்வேறு நீளத்துக்கு இழுக்கச் செய்கிறது. ஒரு சுரம்கூடப் புதியதில்லை, ஆனால் கேட்பது முழுக்கப் புதிது. கற்க ஒரு ஒத்திகை போதும். கூடத்தைச் சுற்றி நிற்கவைத்தால் சபையோர் ஒலிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள். கவனிக்க வேண்டியது ஒன்று: எல்லோரும் கடைசி கார்டில் (பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கூட்டில்) வந்து சேரும்போது சுருதி சிதறியிருக்கும். மிக நீளமாக இழுக்கும் குழுவில் உறுதியான பாஸ்கள் இருவரை வையுங்கள். மற்றவர்கள் வந்தடையும் கரை அவர்கள்தான்.

இன்னொன்று, ஸ்வீடனின் ஸ்வென்-டேவிட் சான்ட்ஸ்ட்ரோம் 1986இல் செய்த ‘ஹியர் மை ப்ரேயர்’. ‘கர்த்தாவே, என் விண்ணப்பத்தைக் கேளும்’ என்ற 102ஆம் சங்கீத வசனத்துக்கு பரோக் காலத்து ஆங்கிலேயர் ஹென்றி பர்செல் எழுதிய எட்டுக் குரல் துண்டு 34 அளவுகளே (இசைத்தாளில் கோடு போட்டுப் பிரித்த தாளப் பகுதிகளே) நீளம். சான்ட்ஸ்ட்ரோம் பர்செலின் இசையிலேயே தொடங்கி, மெல்ல விலகித் தன் அடர்ந்த கார்டுகளுக்குள் போகிறார். பல நிகழ்ச்சி நிரல்களில் பர்செலைத் தனியாகப் பாடிவிட்டு அடுத்ததாக சான்ட்ஸ்ட்ரோமைப் பாடுகிறார்கள். வேண்டாம். அதே அளவுகளை இரண்டாம் முறை கேட்கும் காதுக்கு, இசை தடம் மாறும் அந்த இடம் முன்கூட்டியே தெரிந்துபோகும்; அந்த அதிர்ச்சி போய்விடும். எட்டுக் குரல் என்று பயப்பட வேண்டாம். மெதுவான இசை, பிரிவுக்கு மூன்று பேர் தாங்குவார்கள். ‘சிங்கெட்’ போன்ற ஓட்டம் இதில் இல்லை.

சுருதிப் பயிற்சிக்கு ஒரு வார்த்தை. ஆர்கனோ பியானோவோ வைத்துக் கார்டுகளைச் சரிசெய்யாதீர்கள். பியானோவின் பெரிய மூன்றாம் இடைவெளி (நம் கணக்கில் சட்ஜத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே) இயற்கையான இடைவெளியைவிட 14 சென்ட் அகலம். ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு. பஞ்சமத்தில் வித்தியாசம் 2 சென்ட் மட்டுமே. தம்புராச் சுருதியை ஓடவிட்டு அதன்மேல் காந்தாரத்தை வைத்துப் பழகினால் 14 சென்ட் என்பது எவ்வளவு என்று காதுக்கே தெரிந்துவிடும். பாக்குக்கு இது உதவும். நீஸ்டெட்டுக்கும், பின்னால் வரப்போகும் எஸ்டோனியாவின் ஆர்வோ பேர்ட்டுக்கும் இது இல்லாமல் முடியாது.

இரண்டாம் வழி: ஹாண்டெலும் மெக்மில்லனும்

‘டிக்சிட் டோமினுஸ்’ (எச்டபிள்யூவி 232) 1707 ஏப்ரலில் ரோமில் எழுதி முடிக்கப்பட்டது. எழுதிய ஹாண்டெலுக்கு அப்போது வயது 22. ‘கர்த்தர் என் ஆண்டவரை நோக்கி’ என்று தொடங்கும் 110ஆம் சங்கீதம். அரைமணி நேரத்துக்கும் சற்றே மேல். அந்த வயதில் ஒருவர் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டினால் எப்படி இருக்குமோ அப்படி. ஐந்து குரல் குழு, தனிப்பாடகர்கள், இரண்டு வயலின் பிரிவு, இரண்டு வயோலா பிரிவு, செல்லோ, பேஸ், ஆர்கன். நரம்புக்கருவிகளைப் பிரிவுக்கு ஒருவராக ஏழு பேரோடு முடிக்கலாம். ஆனால் 24 குரலுக்கு எதிரே ஒற்றை வயலின் மெலிந்து ஒலிக்கும். முதல் வயலின் நான்கு, இரண்டாவது நான்கு, வயோலா இரண்டிரண்டாக நான்கு, செல்லோ இரண்டு, பேஸ் ஒன்று, ஆர்கன் ஒன்று: 16 பேர். இதுதான் கையைக் கடிக்கும் இடம்.

இதற்கு ஜோடியாக அடிக்கடி பேசப்படுவது ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் மெக்மில்லனின் ‘சிலுவையின் ஏழு கடைசி வார்த்தைகள்’. பிபிசி தொலைக்காட்சிக்காக 1993இல் எழுதப்பட்டது, எட்டுக் குரல் குழுவும் நரம்புக்கருவிகளும், 45 நிமிடம். ‘முடிந்தது’ என்ற ஆறாம் வார்த்தை, நரம்புக்கருவிகளின் சம்மட்டி அடிகளோடு தொடங்குகிறது. ஏழாவதில் குரல்கள் அடங்கியபின் நரம்புகள் மட்டும் தொடர்ந்து, கடைசி மூச்சு விடுவதுபோல் தேய்ந்து போகின்றன. நம் காலத்துத் திருச்சபை இசையில் இதற்கு ஈடானவை அதிகமில்லை என்றே நினைக்கிறோம்.

ஆனாலும் இந்த ஜோடியை 24 பேர் குழுவுக்குப் பரிந்துரைக்க மாட்டோம். ஹாண்டெல் ஐந்து பிரிவு, மெக்மில்லன் எட்டுப் பிரிவு. நிற்கும் வரிசையே இடைவேளையில் மாறவேண்டும். இரண்டுமே குரலை உறிஞ்சுபவை. ‘டிக்சிட்’டின் சொப்ரானோ பகுதி உச்சியிலேயே உலவுகிறது. கடைசி ‘குளோரியா’ ஃபியூக் வரும்போது ஏற்கெனவே களைத்தவர்கள் மேலும் விசை கொடுத்துப் பாடுவார்கள், சுருதி ஏறும். ‘கான்க்வசாபிட்’ என்று எதிரிகளை நொறுக்கும் இடத்தில் ஒவ்வொரு அசையையும் வெட்டிவெட்டிப் பாடவேண்டும். அதைத் தொண்டையால் அடித்துப் பாடினால் அடுத்த அரைமணிக்குக் குரல் இருக்காது. வயிற்றிலிருந்து, பாதிச் சத்தத்தில் ஒத்திகை பார்க்க வேண்டும். இதையும் முடித்துவிட்டு, மூவர் மூவராகப் பிரிந்து, அடர்ந்த நரம்பொலிக்கு மேல் 45 நிமிடம் மெக்மில்லனைப் பாடச் சொல்வது நியாயமில்லை. மெக்மில்லனை முதலில் வைத்து ஹாண்டெலை இரண்டாவதாக வைக்கலாமே என்றால் அதுவும் கூடாது. அந்தக் கடைசி மௌனத்துக்குப் பிறகு ஹாண்டெலின் ஆர்ப்பாட்டம் எடுபடாது.

‘டிக்சிட்’ பாடியே தீரவேண்டும் என்ற ஆசை குழுவுக்கு இருந்தால், மெக்மில்லனின் ‘மிசெரெரெ’யை (51ஆம் சங்கீதம்) சேருங்கள். 2009இல் எழுதப்பட்டது, வாத்தியமில்லாதது, 12 நிமிடம் அளவுதான். வாத்தியக்காரர்களுக்கு ஓய்வு, பாடகர்களுக்கு மெதுவான இசை, கச்சேரிக்கும் ஒரு மணிநேரத்துக்குள்ளான அடக்கம்.

மூன்றாம் வழி: பூக்ஸ்டஹூடேயும் கரோலின் ஷாவும்

லூபெக் நகரில் ஆர்கன் வாசித்த டீட்ரிக் பூக்ஸ்டஹூடே 1680இல் எழுதி, ஸ்டாக்ஹோமில் இருந்த நண்பர் குஸ்டாஃப் டூபனுக்குக் காணிக்கையாக்கிய ‘மெம்ப்ரா யேசு நோஸ்ட்ரி’, சிலுவையில் தொங்கும் உடலை அங்கம் அங்கமாகப் பார்க்கும் ஏழு கன்டாட்டாக்கள் (வாத்தியங்களோடு பாடும், பல பகுதிகள் கொண்ட பாடல்கள்): பாதம், முழங்கால், கை, விலா, மார்பு, இருதயம், முகம். பாதாதிகேசமாகப் போற்றும் மரபை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த வரிசை உடனே பிடிபடும். ஐந்து குரல், இரண்டு வயலின், அடித்தள வாத்தியங்கள். மொத்தம் ஒரு மணிநேரம்.

ஒவ்வொரு கன்டாட்டாவும் ஒரே அச்சில் வார்த்தது. வாத்திய முன்னுரை, பல குரல்கள் சேர்ந்து பாடும் வேதவசனம், மூன்று சரணங்களுக்கு ஏரியாக்கள் (தனிப்பாடகர் பாட்டுகள்), பிறகு வசனம் மறுபடியும் (ஏழாவது மட்டும் ‘ஆமென்’ என்று முடியும்). பொதுவாக இதில் சொல்லப்படும் குறை, குழுவுக்கு வேலை குறைவு, ஏரியாக்கள் தனிப்பாடகர்களுக்கு என்பது. அதையே பலமாக மாற்றிக்கொள்ளலாம். வெளியிலிருந்து ஐந்து தனிப்பாடகர்களைக் கூலிக்கு அழைக்காமல் ஏரியாக்களைக் குழுவுக்குள்ளேயே பங்கிடுங்கள். எந்த ஏரியாவும் நீளமில்லை, பயங்கர உச்சமும் இல்லை. 24 பேரில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒரு சரணமாவது கிடைக்கும். ஐந்தாவது கன்டாட்டா முழுக்க ஆல்டோ, டெனர், பாஸ் மட்டும். ஆறாவது இரண்டு சொப்ரானோவும் பாஸும் மட்டும். இவற்றையும் சிறு குழுக்களுக்குக் கொடுக்கலாம். நிபந்தனை ஒன்று: ஏரியா பாடுபவர்களுக்குப் பொது ஒத்திகை நேரத்தில் பயிற்சி கொடுக்காதீர்கள். ஜனவரியில் இரண்டு சனிக்கிழமைகளைத் தனியே ஒதுக்குங்கள். இல்லையென்றால் பன்னிரண்டு பேர் பாட, பன்னிரண்டு பேர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

வாத்தியச் செலவில் ஒரு முடிச்சு இருக்கிறது. ஆறாவது கன்டாட்டாவுக்கு, இருதயத்துக்கு, பூக்ஸ்டஹூடே வயலின்களை ஒதுக்கிவிட்டு ஐந்து வயோலா ட காம்பாக்களை (கால்களுக்கு நடுவே வைத்து வில்லால் வாசிக்கும் பழைய நரம்புக்கருவி) கேட்கிறார். அந்த ஒலி மாற்றம்தான் முழுப் படைப்பின் நடுநரம்பு. திடீரென்று வெளிச்சம் குறைந்து அறைக்குள் போனது போலிருக்கும். ஐந்து காம்பாக்காரர்களை ஒரு பத்து நிமிட இசைக்காக அழைப்பது பெரிய செலவு. வயலின், வயோலா, செல்லோக்களாலும் சமாளிக்கலாம், ஆனால் அப்போது அதிர்வைக் குறைத்து, வில்லைத் தளர்வாகப் பிடித்து வாசிக்கச் சொல்ல வேண்டும். ஊரில் காம்பா கற்பிக்கும் இசைக்கல்லூரி இருந்தால் மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். வேறு எதில் சிக்கனம் செய்தாலும் இதில் செய்ய வேண்டாம் என்பது எங்கள் எண்ணம்.

இரண்டாம் கன்டாட்டாவின் முன்னுரையில் ‘இன் ட்ரெமுலோ’ என்ற குறிப்பு இருக்கும். வயலின்காரர்கள் பழக்கதோஷத்தில் வில்லை வேகமாக நடுக்கி, சினிமாத் திகில் காட்சி மாதிரி வாசித்துவிடுவார்கள். இங்கே வேண்டியது, வில்லைத் திருப்பாமல் ஒரே இழுப்புக்குள் மெல்லிய அமுக்கங்களாகத் துடிக்கும் ஒலி. முழங்கால் நடுங்குவது அது. முதல் ஒத்திகையில் இதைச் சொல்ல மறந்தால் கச்சேரிவரை அது திருந்தாது.

இனி ஜோடி. பிலடெல்ஃபியாவின் ‘தி கிராசிங்’ குழு 2016இல் ஏழு இசையமைப்பாளர்களிடம் இந்த ஏழு கன்டாட்டாக்களுக்கும் ஆளுக்கொரு மறுமொழி எழுதச் சொன்னது. அவர்களில் ஒருவரான அமெரிக்காவின் கரோலின் ஷாவுக்கு வாய்த்தது கைகள். ‘டு தி ஹேண்ட்ஸ்’ ஆறு பகுதிகள், 20 நிமிடம் அளவு, குழுவுக்கும் நரம்புக்கருவிகளுக்கும். ‘உன் கைகளில் இருக்கிற இந்த வடுக்கள் ஏது’ என்று சகரியாவின் வசனத்தை பூக்ஸ்டஹூடே மூன்றாவது கன்டாட்டாவில் வைத்திருக்கிறார். ஷா அதே லத்தீன் சொற்களை எடுத்துக்கொண்டு, கேள்வியை நம் கைகளை நோக்கித் திருப்புகிறார். மூன்றாம் பகுதி, அமெரிக்க சுதந்திரதேவி சிலைக்காக எம்மா லாசரஸ் எழுதிய கவிதைக்கு மறுமொழி. ஐந்தாம் பகுதியில் தங்கள் நாட்டுக்குள்ளேயே வீடிழந்து இடம்பெயர்ந்தவர்களின் எண்ணிக்கையைப் பாடகர்கள் வாய்விட்டுச் சொல்கிறார்கள். வெறும் எண்கள். இடப்பெயர்வு என்ற சொல்லின் எடையைத் தன் வீட்டிலேயே அறிந்த ஈழத் தமிழருக்கு அந்த ஒரு நிமிடத்தை யாரும் விளக்க வேண்டியிராது.

அந்த எண்களைச் சொல்லும் இடத்தில் குழுக்கள் வழக்கமாகச் செய்யும் பிழை, உணர்ச்சியைக் கூட்டுவது. மேடை நாடகம்போல் குரலை ஏற்றி இறக்கினால் எண்கள் வலுவிழக்கும். கணக்குப் புத்தகத்திலிருந்து வாசிப்பது போலச் சொன்னால்தான் அது நெஞ்சில் இறங்கும். சொல்லப்படும் குரலும் பாடப்படும் குரலும் ஒரே சமயத்தில் வருவதால் பேசுபவர்கள் பாடுபவர்களை மூடிவிடக்கூடாது என்பதையும் கடைசி ஒத்திகையில் கூடத்தின் பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டுச் சொல்லட்டும்.

வரிசையை இப்படி வைக்கலாம்: முதல் மூன்று கன்டாட்டாக்கள் (25 நிமிடம்), உடனே ஷா (20 நிமிடம்), இடைவேளை, பிறகு மீதி நான்கு (35 நிமிடம்). கைகளுக்கான இசை காதில் ஈரமாக இருக்கும்போதே ஷா தொடங்குவதால் எந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதை நிகழ்ச்சித் தாளைப் புரட்டாமலே கேட்பவர் உணர்வார். இரண்டுக்கும் நரம்புக்கருவிகள் ஏறக்குறைய அவையே, ஒரு வயோலா சேரும். குரல் பிரிவுகளையும் சிறு மாற்றங்களோடு ஓட்டிவிடலாம். மூன்று வழிகளில் ஒத்திகை நேரம் இரட்டிப்பாகப் பலன் தருவது இதில்தான். வாத்தியத்துக்கான பணத்தை இங்கே போடுங்கள்.

சுருதி மட்டும் இங்கே ஒரு கேள்வி. பரோக் குழுக்கள் இன்று ஏ சுரத்தை 415 ஹெர்ட்ஸுக்கு வைக்கின்றன. ஷா எழுதியது 440க்கு. இடையில் அரைச்சுர வித்தியாசம். ஷாவுக்காக ஆட்டுக்குடல் தந்திகளை அரைச்சுரம் ஏற்றி, இடைவேளையில் மறுபடி இறக்கினால் அரைமணிக்கு அவை நிலைக்காது, ஒவ்வொரு கன்டாட்டாவுக்கும் நடுவே சுருதி சேர்க்க வேண்டிவரும். 415 என்பது இன்றைய வசதிக்கான ஒரு பொது ஒப்பந்தம்தான். அன்றைய வட ஜெர்மன் ஆர்கன்கள் பல இன்றைய சுருதியையும் தாண்டி உயர்ந்தே நின்றன. எனவே இன்றைய கருவிகளில், பரோக் வில்லோடு, முழுக் கச்சேரியையும் 440இல் வைப்பது பூக்ஸ்டஹூடேவுக்குச் செய்யும் துரோகமாகாது. காம்பாக்காரர்களிடம் மட்டும் இரண்டு மாதம் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். அவர்கள் தந்திகளை மாற்றவேண்டியிருக்கும்.

வேறு சில யோசனைகள்

யேசுவின் பாடுகளைச் சொல்லும் ஆர்வோ பேர்ட்டின் ‘பாசியோ’ (1982) தவக்காலத்துக்கு எல்லோரும் நினைப்பது. 70 நிமிடம், சுவிசேஷகனின் பங்கைப் பாட நால்வர் அணி, இரண்டு தனிப்பாடகர்கள், ஆர்கன், நான்கு வாத்தியங்கள். மகத்தான படைப்பு. ஆனால் முழுக்குழுவுக்குத் தொடக்கமும் முடிவும் கூட்டத்தின் கூச்சல்களும்தான். சந்தா கட்டி வாராவாரம் வரும் 24 பேருக்கு அது போதாது.

டிசம்பருக்கு நவம்பர் கச்சேரி முடிந்தபின் நான்கு ஒத்திகைகளே கிடைக்கும். பேர்ட்டின் ‘ஏழு மாக்னிஃபிகாட் அந்திஃபோன்கள்’ (1988) அதற்குப் பொருத்தம்: மாக்னிஃபிகாட் என்னும் மரியாளின் பாட்டோடு டிசம்பர் 17 முதல் 23 வரை பாடும் பழைய வாக்கியங்கள், ஜெர்மன் மொழி, 15 நிமிடம், வாத்தியமில்லை. அதைச் சுற்றி ஹைன்ரிக் ஷூட்ஸ் தன் 86ஆம் வயதில், 1671இல் எழுதிய ஜெர்மன் மாக்னிஃபிகாட்டை (எஸ்டபிள்யூவி 494) வையுங்கள். அதே மொழி, அதே பாடலின் சூழல். உச்சரிப்புப் பயிற்சி ஒன்றே போதும். நவம்பரில் பாக்குக்குப் பழகிய ஜெர்மன் இங்கும் கைகொடுக்கும்.

கூடமும் குளிரும்

படைப்பைத் தீர்மானிக்கும் முன் தேவாலயத்துக்குப் போய் ஒரு தட்டுத் தட்டி, ஒலி அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். இரண்டு நொடிக்குள் என்றால் பாக் தெளிவாகக் கேட்கும், நீஸ்டெட் வறண்டு போவார். நான்கு நொடிக்கு மேல் என்றால் நீஸ்டெட்டும் பேர்ட்டும் பூத்துக் குலுங்குவார்கள், ‘டிக்சிட்’டின் ஓட்டங்கள் கூழாகிவிடும். பூக்ஸ்டஹூடே இரண்டிலும் பிழைப்பார். அவரைத் தேர்ந்தெடுக்க இதுவும் ஒரு காரணம்.

குளிர் இன்னொன்று. ஆர்கன் குழாயின் சுருதி ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறக்குறைய 3 சென்ட் மாறும். 20 டிகிரியில் சுருதி சேர்த்த சிறிய ஆர்கனை 12 டிகிரி தேவாலயத்தில் வைத்தால் 24 சென்ட் இறங்கிவிடும்; அரைச்சுரத்தில் கால்பங்கு. வயலின்கள் அதற்கு ஏற்ப இறக்கிக்கொள்ளலாம், பாடகர்களின் காது எளிதில் இறங்காது. ஆர்கன் முந்தின நாளே கூடத்துக்கு வரட்டும், சூடேற்றியபின் சுருதி சேர்க்கட்டும், கச்சேரி வெப்பநிலையிலேயே கடைசி ஒத்திகையும் நடக்கட்டும்.

தாள்கள்

பாக், பூக்ஸ்டஹூடே, ஷூட்ஸ் ஆகியோரின் இசைக்கு உரிமைப் பிரச்சினை இல்லை. இணையத்தில் இலவசத் தாள்கள் கிடைக்கும். ஆனால் எல்லோரும் ஒரே பதிப்பையே வைத்திருக்க வேண்டும். ஒருவர் தாளில் 43ஆம் அளவு இன்னொருவர் தாளில் 45 என்றால் ஒவ்வொரு ஒத்திகையிலும் பத்து நிமிடம் போகும். லத்தீன் சொற்கள் எந்தச் சுரத்தின் கீழ் விழுகின்றன என்பதும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். ஷா, பேர்ட், நீஸ்டெட், சான்ட்ஸ்ட்ரோம், மெக்மில்லன் ஆகியோருக்கு ஆளுக்கொரு பிரதி விலைக்கு வாங்க வேண்டும், நகலெடுக்கக்கூடாது. வாத்தியத் தாள்கள் பலவும் வாடகைக்குத்தான் வரும். கச்சேரிக்கு மூன்று மாதம் முன்பே கேட்டுவிடுங்கள். இசை உரிமைத்தொகை வசூலிக்கும் அமைப்புகளான ஜெர்மனியின் கேமாவுக்கும், பிரிட்டனின் பிஆர்எஸ்ஸுக்கும் நிகழ்ச்சி விவரத்தை முன்கூட்டியே கொடுத்து உரிமைத்தொகையைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

காம்பாக்காரர்களின் தேதிதான் எல்லாவற்றுக்கும் முந்தியது. தவக்காலத்தில் அவர்களுக்கு எங்கும் அழைப்பு இருக்கும். ஜூன் மாதமே ஐந்து பேரையும் கேட்டு, அவர்கள் வரமுடிந்த சனிக்கிழமையைக் கச்சேரி நாளாக வைத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி மற்ற இரண்டு கச்சேரிகளின் தேதிகளையும் போடுங்கள்.